என் வீட்டுக்காரர் நடித்த படமும் ஒரு டிவிடி டிரைவும்

என் வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் முதலில் காதை வைத்துக் கேட்பார். தர்பூசணியைத் தட்டிக் கேட்பது எல்லாரும் செய்வதுதான். இவர் மிக்சியைக் கேட்பார், மின்விசிறியைக் கேட்பார். கட்டில் வாங்கப் போன இடத்தில் அதன் காலில் காதை வைத்துக் குந்திவிட்டார். கடைக்காரர், "கட்டில் இன்னாண்ணே சொல்லுது?" என்றார். "மரம் இன்னும் காயலன்னு சொல்லுது" என்று எழுந்து வந்துவிட்டார். வேன் ஓட்டுகிறவர். வண்டியின் நோயை எல்லாம் காதாலேயே கண்டுபிடித்துப் பழகியவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் தன்னிடம் மட்டும் பேசும் என்று ஒரு நம்பிக்கை.

பெயர் கோதண்டராமன். நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

பூஞ்சேரியில் எங்கள் வீடு. மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவதும், காலையில் அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அவருடைய வேலை. ஆனால் யாராவது அவரைப் பற்றி விசாரித்தால் வேனைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார். முதலில், "நான் ஒரு படத்துல நடிச்சிகீறேன்" என்பார்.

நடித்தார் என்றால் இப்படி. தொண்ணூற்றேழில் கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு. சாமான் ஏற்றிப் போக இவருடைய வேனை அமர்த்தினார்கள். கதாநாயகி அழுதுகொண்டே ஓட வேண்டும், ஊர் ஜனம் நின்று பார்க்க வேண்டும். ஜனம் போதவில்லை. இவர் கையில் ஒரு கறுப்புக் குடையைக் கொடுத்து, "நீயும் போய் நில்லுப்பா" என்றார்கள். போய் நின்றார். அவ்வளவுதான் நடிப்பு.

அன்று எங்கள் மகள் ஜெயப்பிரியாவுக்குக் காய்ச்சல். நான் வீட்டில் இருந்தேன். எங்களோடு இருக்கும் என் அம்மா ஜெகதாம்பாள், ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கப் போனவள், பொழுது சாயக் காலி கேனோடு திரும்பி வந்து, "ஸ்டாக்கு இல்லியாம்" என்றாள். விறகு மூட்டி, புகையில் கண் எரிய நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார்.

"ஞானம், நான் நடிச்சிட்டேன்."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "மூஞ்சி தெரியுமா மாப்ள, முதுவு தெரியுமா?" என்றாள்.

"மூஞ்சிதான் அத்த. கேமரா எனக்கு நேரா இருந்துச்சு."

"கேமரா இன்னா பாவம் பண்ணுச்சோ" என்று அம்மா காலி கேனை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படம் செங்கல்பட்டுக்கு வந்தபோது பெரியவர் ஒருவர் இறந்து நாங்கள் துக்கத்தில் இருந்தோம். துக்கம் முடிந்து போனால் கொட்டகையில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் போலவே மற்றவர்களும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து அதே செங்கல்பட்டில் ஒரு கடையில் அந்தப் படத்தின் சிடி இரண்டு தட்டாக மாட்டியிருந்ததைப் பார்த்தவர், அதைப் போட்டுப் பார்க்க வேண்டுமே என்று சிடி பிளேயரையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் புதுப் பொருள் எது வந்தாலும் பூசை போட்ட பிறகுதான் தொடுவோம். பூசை அம்மாவின் இலாகா. பிளேயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். சிடித் தட்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அச்சடித்த கதாநாயகன் படம் இருந்தது. "எவனோ ஊரான் நெத்தியில நான் ஏன் பொட்டு வெக்கணும்?" என்று சொல்லி, பளபளவென்று மினுக்கும் மறுபக்கத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். மினுக்குகிற பக்கம்தான் முகம் என்பது அவள் முடிவு.

படம் ஓடியது. முதல் தட்டில் ஒரு பாட்டு பாதியில் நின்று, குதித்து, சண்டைக்குப் போனது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இரண்டாவது தட்டில் கடற்கரை வந்தது. கதாநாயகி அழ ஆரம்பித்தாள். இவர் நாற்காலி நுனிக்கு வந்தார். கதாநாயகியின் வாய் திறந்தபடியே சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. தாண்டிப் போட்டால் அவளுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது.

"உப்புக் காத்து" என்றார் இவர். கடலோரத்தில் எது கெட்டாலும் அதற்கு உப்புக் காற்றுதான் காரணம். வேறு சிடி தேடினார், கிடைக்கவில்லை. அதிலிருந்து அந்தச் சிடி பீரோவில் என் கூறைப்புடவைக்கு அடியில், ஒரு பழைய வேட்டியில் சுற்றி இருந்தது. ஆயுத பூசைக்கு மட்டும் வெளியே வரும். அம்மா பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பாள். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். வேன் கண்ணாடியில்கூட வருடாவருடம் வைக்கிறோம், வண்டி நின்றா போகிறது?

இப்படியே பத்து வருடம் போனது. படத்தில் நடித்தவர் ஒருவர், அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா, "நம்ம நடிகருக்கு இன்னொரு வடை போடு" என்பாள். இவர் வடையைத் தின்றுகொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஜெயப்பிரியாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை நிதின், பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருடைய அப்பா பரணிதரன் படூரில் வீடு கட்டிக் குடியிருப்பவர், சினிமா என்றால் உயிர். பேச்சுவார்த்தை எல்லாம் நல்லபடி முடிந்து காபி குடிக்கும்போது இவர் சும்மா இருந்திருக்கலாம்.

"நான்கூட ஒரு படத்துல நடிச்சிகீறேன் சம்பந்தி."

பரணிதரன் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்க! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? ரிசப்ஷன்ல பெரிய ஸ்கிரீன் வைக்கிறோம் இல்ல, அதுல போட்டுடுவோம். எங்க சொந்தக்காரங்க எல்லாம் அசந்துடணும்."

சமையலறையிலிருந்து அம்மா இருமினாள். இருமல் இல்லை, சிரிப்பு.

அவர்கள் கிளம்பிய பிறகு இவர் வேன் சக்கரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

"பேஜாராப் போச்சு ஞானம். போடலன்னா என்னைப் புளுகன்னு நெனைப்பாங்க. நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வூட்ல இன்னா சொன்னாலும், 'அப்பன் மாரியே'ன்னுவாங்க. அந்த ஒரு சீன் எனக்கு வேணும்."

ஜெயப்பிரியாவுக்கு நிதின் ஒரு சின்ன லேப்டாப் வாங்கித் தந்திருந்தார். இவர் அதைக் கையில் வாங்கி நாலு பக்கமும், அடியிலும் பார்த்தார். "சிடி போட வாய் எங்கம்மா?"

"இதுல கெடையாதுப்பா. வெளிய மாட்டுற டிரைவ் தனியா வாங்கணும். நல்லதா வாங்கினா, நின்னுபோற சிடியக்கூட எப்டியாவது படிச்சிடும். ஒரு தடவ காப்பி எடுத்துட்டா அப்பாலிக்கா சிடி போனாலும் படம் போவாது."

அன்றிலிருந்து கல்யாண வேலை பாதி, டிரைவ் விசாரணை பாதி. அணுபுரத்தில் நரசிம்மன் சார் என்று ஒருவர், பேத்தியை வேனில் ஏற்றிவிட வருவார். விஷயம் தெரிந்தவர். ஒரு காலை நானும் வேனில் செங்கல்பட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். அவர் ஜன்னல் வழியாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"ரெண்டு விதம் வரும் கோதண்டம். மெலிசா ஒண்ணு, லேப்டாப்புலேருந்தே கரண்ட் எடுத்துக்கும். சின்ன லேப்டாப்னா சில சமயம் அதுக்குக் கரண்ட் பத்தாது, ரெண்டு வாய் வச்ச கேபிள் வேணும். இன்னொண்ணு பெரிசு, தனி அடாப்டர் போட்டு பிளக்குல மாட்டணும். தூக்கிட்டு அலையறவங்களுக்கு மெலிசு. வீட்லயே வச்சுக்கறதுக்குப் பெரிசு. முதல்ல அந்தச் சிடியைக் கொண்டாங்க, நான் பார்க்கறேன்."

"அது முடியாது சார். ஒரே சிடி."

"பார்த்துட்டுத் தந்துடுவேன்யா!"

"மன்னிச்சிக்குங்க சார்" என்று இவர் வண்டியை எடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் என்னிடம் சொன்னார்: "ஒரு இன்ஜின்ல ரெண்டு வண்டி இழுக்கக் கூடாது ஞானம். தனி கரண்ட்டுதான்."

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. நான் வாசலோரம் நின்றுகொண்டேன். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "இன்னாண்ணே வேணும்?" என்றார்.

"டிவிடி டிரைவ். எது நல்லா இழுக்கும்?"

"இன்னாத்த இழுக்கணும்?"

"ஒரு சிடி ஒரே எடத்துல சிக்கினு நிக்குது. மேடு ஏத்தணும்."

கடைக்காரர் இவரை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று டிரைவ்களை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது, மெலிசு. ஏதோ ஒரு தட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினார். இவர் குனிந்து அதன்மேல் காதை வைத்தார்.

"கொசு மாரி கீது. வேணாம்."

இரண்டாவதில், சிடியை வைக்கிற தட்டு வெளியே நீளாது. ஒரு கீறல் போல வாய். சிடியை வைத்தால் தானே உறிஞ்சிக்கொண்டது. இவர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

"உள்ள போனது வெளிய வருமா?"

"பட்டன் அமுக்கினா வரும்ணே."

"வரலன்னா?"

"பிரிக்கணும்."

"எங்க அத்தகிட்ட குடுத்த துட்டு மாரி. வேணவே வேணாம்."

மூன்றாவது கறுப்பாக, செங்கல் அளவில் இருந்தது. தனி அடாப்டர். தட்டைப் போட்டதும் உறுமியது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கண்ணை மூடி, காதை வைத்து, வெகுநேரம் கேட்டார்.

"ஸ்பீடு எவ்ளோ?"

"சிடிக்கு நாப்பத்தெட்டு எக்ஸுண்ணே."

"எக்ஸ்னா?"

"வூட்ல சிடி பிளேயர் சுத்துது இல்ல, அதப் போல நாப்பத்தெட்டு மடங்கு."

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. "நாப்பத்தெட்டு மடங்காம் ஞானம்!" பிறகு கடைக்காரரிடம் தணிந்த குரலில், "பிரேக் புடிச்சா நிக்குமா?" என்றார்.

"நிக்கும்ணே. அந்தச் சிடியக் கொணாந்தா இங்கியே ஒரு டெஸ்ட் பாத்துடலாம்."

"அது மட்டும் முடியாது."

பெட்டியைச் சீட்டில் வைக்க மனமில்லாமல் என் மடியில் வைத்து, பள்ளம் வந்தபோதெல்லாம், "கெட்டியாப் புடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட நிதினும் பரணிதரனும் வந்திருந்தார்கள். சம்பந்தியின் எதிரிலேயே படத்தைப் போட்டுவிடுவது என்று இவர் முடிவு செய்திருந்தார்.  நான் சமையலறை வாசலில் நின்றபடி வடைக்கு வெங்காயம் அரிந்தேன்.

முதலில் பூசை. டிரைவ் மேசையில் பலகை மேல் உட்கார்ந்திருந்தது. மேலே சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

"எலுமிச்சம்பழம் நசுக்கணும்" என்றாள் அம்மா.

"சக்கரம் இல்லியே அத்த."

"சுத்துதுன்னு சொன்ன?"

இவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். பழத்தை முன்னால் வைத்து டிரைவை அதன்மேல் தள்ளினார். பழம் நசுங்காமல் உருண்டு பரணிதரனின் காலடிக்குப் போனது. அவர் பயபக்தியோடு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் வைத்தார். பத்து வருடப் பழக்கப்படி அம்மா சிடிகளையும் வாங்கி, முகத்தில் புதிதாக ஒரு சுற்று சந்தனம் வைத்துக் கொடுத்தாள்.

ஜெயப்பிரியா டிரைவை லேப்டாப்பில் மாட்டி இரண்டாவது தட்டைப் போட்டாள். டிரைவ் உறுமியது. பிறகு கத்தியது. பிறகு போர் போடுகிற லாரி போல மேசையே நடுங்க ஆரம்பித்தது. கதம்பம் நழுவி விழுந்தது. வீடு முழுவதும் சந்தன வாசனை.

இவர் பாய்ந்து காதை வைத்தார். "இன்ஜின்ல கல்லு மாட்டிகிச்சு! ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

நிதின் பொத்தானை அழுத்தினார். டிரைவின் தட்டு வெளியே நீண்டது. உள்ளே மஞ்சளும் சிவப்புமாகத் தூள் சிதறிக் கிடந்தது. நிதின் சிடியை எடுத்துத் திருப்பினார். பத்து வருடச் சந்தனம், காய்ந்த வண்டல் போல வெடித்து, பாதி பெயர்ந்து நின்றது.

"இது... என்ன?"

"பொட்டு" என்றாள் அம்மா.

"இந்தப் பக்கத்துலதான் படம் இருக்கு பாட்டி. இதைத்தான் மிஷின் படிக்கும்."

 பரணிதரன் மூக்கைச் சுருக்கி, "நல்ல சந்தனம்" என்றார்.

இவர் மெல்ல அம்மா பக்கம் திரும்பினார். "பத்து வருசமா உப்புக் காத்த திட்டிகினு இருந்தேனே அத்த!"

"இன்னா இப்ப? மூஞ்சில பொட்டு வெச்சா மூஞ்சி தெரியாமப் பூடுமா? உன் பொண்டாட்டிகூடத்தான் வெச்சினு கீறா. அடையாளம் தெரியலியா உனுக்கு?"

அவர் என் நெற்றியைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

நிதின் கோபப்படவில்லை. அப்போதே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. சிடியைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்பு நுரையில் கை விரலாலேயே தடவிக் கழுவி, மெல்லிய துணி கேட்டார். இவர் தன் வேட்டி நுனியைக் கொடுத்தார். நிதின் அதை மரியாதையாக மறுத்துவிட்டு, நான் கொடுத்த பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தார். அதற்குள் பரணிதரன் டிரைவில் இருந்த குங்குமத்தை எல்லாம் வாயால் ஊதி, தன் வெள்ளைச் சட்டைக்கே பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல காப்பி எடுத்துடலாம் மாமா. அப்புறமா பார்ப்போம்" என்றார் நிதின்.

இப்போது டிரைவ் சீராக உறுமியது. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. இவர் அதை, மேட்டில் ஏறும் வண்டியைப் பார்ப்பது போல, உடம்பை முன்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கோடு நின்றது. டிரைவ் முனகியது. "செகண்டு கியரு போடு, செகண்டு கியரு போடு" என்று முணுமுணுத்தார். கோடு நகர்ந்தது, கடைசிவரை போனது.

"ஏறிடுச்சு!"

படத்தை ஓடவிட்டார்கள். கடற்கரை. கதாநாயகி அழ ஆரம்பித்தாள். வாய் திறந்தது. இந்த முறை உடையவில்லை. ஓடினாள். ஜனம் வரிசையாக நின்றது. எல்லாரும் திரைக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோனோம்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து நீலப் புடவை கட்டிய ஒரு பெண் விறுவிறுவென்று வந்து முன்வரிசையில், சரியாக நடுவில் நின்றாள். கையில் மண்ணெண்ணெய் கேன். அவள் தலைக்கு மேல் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. குடைக் கம்பியைப் பிடித்த ஒரு கை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. ராணிக்கு யாரோ குடை பிடிப்பது போல இருந்தது. பிடித்தவரின் முகம் அவள் முகத்துக்கு நேர் பின்னால் இருந்தது. துளிகூடத் தெரியவில்லை. கதாநாயகி தாண்டிப் போனாள். நீலப் புடவைக்காரி தற்செயலாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வாயைப் பிளந்தாள், கேனைத் தூக்கிக்கொண்டு கதாநாயகிக்குப் பின்னாலேயே ஓடிப்போனாள். கேமராவும் அவர்கள் பின்னாலேயே போனது, காட்சி மாறிவிட்டது.

"பாட்டி!" என்று கத்தினாள் ஜெயப்பிரியா.

அந்தக் கேனை எனக்குத் தெரியும். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது நான்தான். "அன்னிக்கு ஸ்டாக்கு இல்லன்னியேம்மா" என்றேன்.

"ஸ்டாக்கு இல்ல. அதான் அந்தப் பக்கமா வந்தேன்."

ரேஷன் கடை எங்கள் தெருக்கோடியில். எந்தப் பக்கமாக வந்தாலும் வழியில் கடல் வராது.

பரணிதரன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா நல்லா நடிச்சிருக்காங்க. நீங்க எங்க சம்பந்தி?"

இவர் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். "இந்தக் கை."

"கையா?"

"கை என்னுதுதான் சம்பந்தி. சத்தியமா."

பரணிதரன், "ஓகோ" என்றார். சுருக்கமாக ஒரு 'ஓகோ'. ஒரு கை யாருடையதாகவும் இருக்கலாம். இவருடைய காது மடல் சிவந்துவிட்டது. ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தாள், நசுங்காத எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள்.

"அவருதான்" என்றாள்.

எல்லாரும் திரும்பினோம்.

"நெழலு வுழுதே, எந்தப் புண்ணியவான்டா கொடை புடிக்கிறான்னு திரும்பிப் பாக்கறேன், எங்க மாப்ள நிக்கறாரு. மூஞ்ச இப்டி வெச்சினு, அந்தப் பொண்ணையே பாத்துகினு. தூக்கிவாரிப் போட்டுச்சு. அதான் ஓடினேன். அது நடிப்பில்ல, நெசமாவே ஓடினேன்."

இவருக்கு வாய் மூடவில்லை. "அப்ப நான் நடிச்சது உங்களுக்கு அன்னிக்கே தெரியும்! தெரிஞ்சுகினேவா இத்தன வருசமா நக்கல் வுட்டீங்க?"

"தெரியும்னு சொன்னா, மண்ணெண்ண இன்னாச்சுன்னு கேப்பீங்களே."

பரணிதரன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இவருடைய கையை, குடை பிடித்த அதே கையை, பிடித்துக் குலுக்கினார். "சம்பந்தி, ரிசப்ஷன்ல இதைத்தான் போடறோம். ரெண்டு தடவை."

இரண்டு தடவை போடவில்லை, ஐந்து தடவை போட்டார்கள். முதல் வரிசையில் அம்மா புதுப்பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஓடும் இடம் வரும்போதெல்லாம் மண்டபமே கைதட்டியது. படூர்க்காரப் பெண்கள் வந்து கையைப் பிடித்துப் பேசினார்கள். அவர்களிடம் அம்மா, "எங்க மாப்ளயும் அதுல கீறாரு" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவரிடம் போய்ச் சொன்னேன். "எத்தினி பேர் கேட்டாங்க?" என்றார்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு டிரைவை நடுவில் வைத்தோம். பொட்டு மேல்மூடியில் மட்டும். சிடிகள் உறைக்குள் பத்திரமாக இருந்தன. பூசை முடிந்ததும் அம்மா, "அந்தப் படத்தப் போடு" என்றாள். ஜெயப்பிரியா எங்களிடமே விட்டுப்போன லேப்டாப்பில் இவர் போட்டார். அம்மா தன் முகம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, சந்தனக் கிண்ணத்தோடு அருகில் போய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மூஞ்சில பாதி நெழலு. அந்தக் கொடைய கொஞ்சம் நேராப் புடிச்சிருக்கக் கூடாதா மாப்ள?"

அவர் டிரைவின் மேல் காதை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.